ஒரு காதில் பாட்டு, ஒரு காதில் காடு: இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

சனிக்கிழமைக்காரன் | ஞாயிறு, இரவு 9.12
நேற்று வேறொரு இழையில் ‘அடிவாரம்’ எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. “காதில் ராக் பாட்டை மாட்டிக்கொண்டு மலையேறுகிறவர்கள் மொட்டை மாடியில் நடந்தால் போதாதா, காட்டுக்கு எதற்கு வருகிறார்கள்?” என்று கேட்டிருந்தார்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் எனக்கென்று கிடைக்கிறது. அன்று கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமத்துக்கு நடப்பேன், இல்லையென்றால் கோத்தகிரி லாங்வுட் சோலை. 2024இல் வனத்துறை 40 பாதைகளை இணையத்தில் திறந்துவிட்ட பிறகு முறையாகப் பணம் கட்டி, வழிகாட்டியோடுதான் போகிறேன். திரும்பி ஏறும்போது முழங்கால் கெஞ்சும். அப்போது ஒரு காதில் லெட் செப்பெலின் என்ற ராக் குழுவின் பாட்டு ஒலிக்கும், மறு காது திறந்திருக்கும். ட்ரம்ஸ் அடிக்கு ஓர் அடி என்று ஏறிவிடுவேன். அந்த நான்கு மணி நேரத்தை வைத்துத்தான் மீதி மாதத்தை ஓட்டுகிறேன். அதை அளந்து பார்க்க அடிவாரம் யார்?

அடிவாரம் | இரவு 9.40
எழுதியது நான்தான். ஒரு சொல்லையும் திரும்பப் பெறுவதாக இல்லை.

ஒரு காது திறந்திருக்கிறது என்கிறீர்கள். சத்தம் இரண்டு காதுகளுக்கும் வந்து சேருவதில் உள்ள நூலிழை நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. ஒரு காதை அடைத்தால் சத்தம் கேட்கும், திசை பிடிபடாது. யானை மூங்கிலை முறிக்கிற சத்தம் வருகிறது. இடமா, வலமா? சொல்லுங்கள் தம்பி.

சனிக்கிழமைக்காரன் | இரவு 9.58
முதலில், நான் உங்களுக்குத் தம்பி இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயது.

இரண்டாவது, நான் போகும் பாதையில் யானையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்த்தது காட்டெருமைதான். போன ஜனவரியில் வெள்ளகவி வழியில் டால்பின் மூக்கு என்ற பாறை முனையைத் தாண்டிய இறக்கத்தில் சருகு நொறுங்கியது. காதிலிருந்ததைப் பிடுங்கிவிட்டு நின்றேன். பத்தடி தூரத்தில் நின்றது. முழங்காலுக்குக் கீழே நான்கு கால்களும் வெள்ளையாக, யாரோ சுண்ணாம்பில் முக்கி எடுத்ததுபோல. மூக்கிலிருந்து ‘புஸ்’ என்று ஒரு மூச்சு விட்டது. வழிகாட்டி கையை மட்டும் காட்டினார். நாங்கள் பின்வாங்கினோம், அது போய்விட்டது. சருகுச் சத்தத்தைக் கேட்டது இந்த ஒரு காதுதான்.

குறிஞ்சிப்பூ | இரவு 10.05
அது காட்டெருமை இல்லை, காட்டுமாடு. எருமை இனம் வேறு. உண்மையான காட்டெருமையைப் பார்க்க வேண்டுமானால் அசாமுக்குப் போக வேண்டும். பத்து வருடமாக மலை ஏறுகிறவர்களுக்கே இது தெரியவில்லையென்றால் என்ன சொல்வது?

சனிக்கிழமைக்காரன் | இரவு 10.09
கொடைக்கானலில் எல்லாரும் காட்டெருமை என்றுதான் சொல்கிறார்கள். செய்தித்தாளிலும் அப்படித்தான் வருகிறது.

குறிஞ்சிப்பூ | இரவு 10.11
செய்தித்தாளில் வந்தால் மாடு எருமையாகிவிடுமா?

அடிவாரம் | இரவு 10.20
மாடோ எருமையோ, பத்தடி தூரம் வரும்வரை தெரியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். இரண்டு காதும் திறந்திருந்தால் ஐம்பதடியிலேயே தெரிந்திருக்கும். என் கேள்வி அப்படியே நிற்கிறது. இடமா, வலமா?

தோல்வாத்தியம் | இரவு 10.34
இருவருமே தப்பு. ராக் இசையை ஒரு காதில் கேட்கிறவரை எந்தக் கணக்கில் ரசிகர் என்று சேர்ப்பது?

செப்பெலினின் 1971 ஆல்பத்துக்காக ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் பதிவு செய்தார்கள். கடைசிப் பாட்டுக்கு ஜான் பான்ஹாமின் ட்ரம்ஸை மாடிப்படிக் கூடத்தின் தரையில் வைத்துவிட்டு, மைக்குகளை மேலே படிக்கட்டிலிருந்து தொங்கவிட்டார்கள். அந்த வீட்டின் எதிரொலியே அந்தப் பாட்டின் கனம். அதன் அகலம் இரண்டு காதிலும் விழ வேண்டியது. ஒரு காதில் கேட்கிறவர் பாதிப் படிக்கட்டைத்தான் கேட்கிறார். நான் பதினெட்டு வருடமாக ட்ரம்ஸ் வாசிக்கிறேன். மலையைக் குறைவாகப் பார்த்தாலும் பொறுப்பேன், பான்ஹாமைப் பாதியாகக் கேட்பதைப் பொறுக்க மாட்டேன்.

சனிக்கிழமைக்காரன் | இரவு 10.41
என் போனில் மோனோ வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே காதில் வரும். பாதி ஒன்றும் போய்விடவில்லை.

தோல்வாத்தியம் | இரவு 10.44
சாம்பாரையும் பாயசத்தையும் ஒரே டம்ளரில் ஊற்றிக்கொண்டு எதுவும் குறையவில்லை என்கிறீர்கள். நடத்துங்கள்.

பூவரசு | இரவு 10.50
மலையில் பறவைச் சத்தத்தைவிடவா இந்தக் கிட்டார் கூச்சல் பெரிது? நம் மண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

தோல்வாத்தியம் | இரவு 10.57
கொச்சியின் மதர்ஜேன் ராக் குழுவில் பைஜு தர்மஜன் வாசித்ததைக் கேட்டிருக்கிறீர்களா? மின் கிட்டாரில் கமகம் வளைந்து வரும். கேட்டுவிட்டு வந்து மண்ணைப் பற்றிப் பேசுங்கள். கேட்காமலே கூச்சல் என்று சொல்வது முன்முடிவு.

அடிவாரம் | இரவு 11.02
இசைக் கச்சேரியைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பேச்சு காது பற்றியது. 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் சிக்கிய குரங்கணிக் காட்டுத்தீயில் எத்தனை குடும்பங்கள் அழுதன என்பது நினைவிருக்கிறதா? காட்டில் கவனம்தான் உயிர்.

சனிக்கிழமைக்காரன் | இரவு 11.08
குரங்கணியை இதற்குள் இழுக்காதீர்கள். அங்கே காய்ந்த புல்லில் தீ பரவியது. அந்தத் துயரத்துக்கும் என் காதில் இருப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வாதத்தில் ஜெயிக்க இறந்தவர்களைத் துணைக்குக் கூப்பிடுவது அசிங்கம்.

இத்தனை அக்கறை உள்ளவர் இரண்டு வருடத்துக்கு முன் பருவதமலையில் என்ன செய்தார்? கடப்பாறைப் படியில் ஆட்கள் சங்கிலியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது உங்கள் பையிலிருந்த ஸ்பீக்கரில் பக்திப் பாடல் அலறியதே! எனக்குப் பின்னால் வந்த பெண் “வலது காலை எங்கே வைப்பது?” என்று மூன்று முறை கத்தினார். யாருக்கும் கேட்கவில்லை. என் பாட்டு என் காதோடு நிற்கிறது.

அடிவாரம் | இரவு 11.19
அது கோயில் மலை. பக்தர்கள் கேட்டார்கள், போட்டேன். அதோடு அந்த ஸ்பீக்கர் என்னுடையதே இல்லை, என் மைத்துனருடையது.

குறிஞ்சிப்பூ | இரவு 11.21
நானும் அன்று வந்திருந்தேன். ஸ்பீக்கர் உங்கள் பையில்தான் இருந்தது.

அடிவாரம் | இரவு 11.25
பையும் மைத்துனருடையது.

சனிக்கிழமைக்காரன் | இரவு 11.38
பை யாருடையதாக இருந்தாலும், தோள் உங்களுடையதுதானே?

கடைசியாக ஒன்று சொல்கிறேன், இதை மட்டுமாவது படியுங்கள். வெள்ளகவிக்கு நடந்தேதான் போகிறேன். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. எல்லையில் கழற்றிவிட்டுத்தான் நுழைகிறோம். அங்கே நான் செருப்போடு ஹெட்போனையும் கழற்றிப் பையில் வைத்துவிடுவேன். யாரும் சொல்லித் தரவில்லை. எங்கே கேட்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். அலுவலகத்தில் ஐந்து நாளும் மற்றவர்கள் சொன்னதையெல்லாம் இரண்டு காதாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆறாம் நாளில் ஒரு காதை எனக்கென்று வைத்துக்கொள்வதற்கு உங்களிடம் அனுமதி கேட்க மாட்டேன். வருகிற சனிக்கிழமைக்குப் பதிவு செய்தாகிவிட்டது.

தோல்வாத்தியம் | இரவு 11.44
போங்கள், ஆனால் மோனோவை எடுத்துவிடுங்கள்.

அடிவாரம் | இரவு 11.46
இவ்வளவு எழுதியும் கேட்டதற்குப் பதில் வரவில்லை. இடமா, வலமா?