எலுமிச்சை பச்சை இலையாவே கொட்டுது, பக்கத்துல கொய்யா நல்லா இருக்கு, ஏன்?

டொராண்டோல இருக்கோம், ஸ்கார்பரோ பக்கம். மேயர்ங்கிற வகை எலுமிச்சை தொட்டியில வச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, அக்டோபர்லயே உள்ள தூக்கிட்டு வந்து தெற்கு பார்த்த கண்ணாடிக் கதவுகிட்ட டைல்ஸ் தரையில வச்சேன், நல்லா வெயில் படுது. ஆனா ரெண்டு வாரமா தினமும் பத்து பதினஞ்சு இலை கொட்டுது, மஞ்சளாகக்கூட இல்ல, பச்சையாவே. தண்ணி பத்தலையோன்னு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊத்துறேன், இன்னும் அதிகமாத்தான் கொட்டுது. அதே இடத்துல ஸ்டூல் மேல இருக்கிற கொய்யாவுக்கு ஒண்ணும் ஆகல. கோலிக்குண்டு சைஸ்ல நாலு காய் வேற நிக்குது, பாக்கவே கஷ்டமா இருக்கு. யாராச்சும் சொல்லுங்களேன்.

பதில்: சத்துக் குறைவா இருக்கும், உரம் போட்டுப் பாருங்க.

பதில்: தங்கச்சி, இப்ப உரம் ஒண்டும் போடாதேங்கோ. வேர் வேலை செய்யாத நேரம் போட்டா உப்புத்தான் மண்ணில சேரும். கொய்யா ஸ்டூலில இருக்கு எண்டீங்களே, எனக்கு அதிலதான் சந்தேகம். விடிய எழும்பின உடன சமையல் தெர்மோமீட்டரை மண்ணுக்குள்ள நாலு விரல் ஆழத்துக்கு விட்டுப் பாத்துச் சொல்லுங்கோ.

கேட்டவர்: பாத்துட்டேன் அக்கா. வீட்டு ஹீட்டர் 22ல ஓடுது, எலுமிச்சை மண்ணு வெறும் 11 டிகிரி! கொய்யா தொட்டி 17.

பதில்: அதுதான் காரணம். மண் 13 டிகிரிக்குக் கீழ போனா தேசிமரத்தின்ர (எலுமிச்சையின்ர) வேர் கிட்டத்தட்ட வேலையை நிப்பாட்டிடும். மேல கண்ணாடிக்குள்ளால வாற வெயில்ல இலை சூடாகித் தண்ணி கேக்கும், கீழ இருந்து ஏறாது, அப்ப மரம் இலையை உதறிப் போடும். நீங்கள் கூட ஊத்தினா குளிர் மண்ணில ஈரம் நிண்டு வேர் அழுகத் தொடங்கும், எனக்கு அந்தப் பயம்தான் கூட. தொட்டியைத் தரையில இருந்து தூக்குங்கோ, அடியில ரெஜிபோம் (தெர்மாகோல்) துண்டு வையுங்கோ, விதை முளைக்க விடுற ஹீட் மேட் இருந்தா இன்னும் நல்லம். ரெண்டு இஞ்ச் ஆழத்துக்கு மேல்மண் காய்ஞ்சா மட்டும் தண்ணி, அதுவும் பைப்பில வாற ஐஸ் தண்ணி வேண்டாம், வெதுவெதுப்பா ஊத்துங்கோ.

பதில்: அக்கா சொல்றதுதான் சரி, கூடவே செஞ்சிலந்தி (இலைச் சாறை உறிஞ்சுற பொடிப் பூச்சி) இருக்கான்னும் பாத்துடுங்க, ஹீட்டர் காத்து காய்ஞ்சு கிடக்குறதால குளிர்காலத்துல அது சீக்கிரம் பெருகும். வெள்ளை பேப்பரை இலைக்கு அடியில பிடிச்சு தட்டுங்க, விழுந்த தூசி நகர்ந்தா அதுதான். ஷவர்ல இலையோட அடிப்பக்கத்தை நல்லா கழுவிட்டு பூச்சிக்குன்னு விக்கிற சோப்பு கரைசலை அடிங்க. முட்டை சாகாது, அதனால வாரம் ஒரு தடவையா மூணு வாரம் விடாம அடிக்கணும்.

கேட்டவர்: மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். பேப்பர்ல ஒண்ணும் நகரல. மரஸ்டூல் மேல தெர்மாகோல் போட்டு வச்சேன், மண்ணு இப்ப 18, தண்ணி எட்டு ஒம்போது நாளைக்கு ஒரு தடவைதான். நாலஞ்சு நாள்லயே கொட்டுறது குறைஞ்சு இப்ப சுத்தமா நின்னுடுச்சு. ரெண்டு காய் விழுந்துடுச்சு, மீதி ரெண்டும் கெட்டியா நிக்குது, மொட்டையா இருந்த கிளையைக் கொஞ்சம் சுரண்டிப் பாத்தேன், உள்ள பச்சை! அக்காவுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. வெளிய எப்ப வைக்கலாம்?

பதில்: நல்ல சந்தோசம் தங்கச்சி. மே மாசம் வாற விக்டோரியா டே லீவு கழியட்டும். முதல் ஒரு கிழமை நிழலில, பிறகு கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்கு.