வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது, மார்ச்சில் வேலை போனது

கொளத்தூர்க்காரன்:
ஸ்தோத்திரம். புது வருடத்துக்கு ஆண்டவர் தரும் வாக்குறுதி என்று ஆளுக்கொரு வேத வசன அட்டை எடுப்போமே, டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் தட்டிலிருந்து நான் எடுத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்கும் வசனம். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் பீரோ கண்ணாடியில் ஒட்டிவிட்டார்கள். நான் எதிர்பார்த்திருந்த முடிவு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஏப்ரலில் சம்பளம் ஏறும், அதைக் காட்டி வீட்டுக் கடன் வாங்கலாம்.

மார்ச்சில், அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனி 11 பேரை நிறுத்தியது. அதில் நானும் ஒருவன். இரண்டு மாதச் சம்பளம் இன்னும் பாக்கி.

"ஆண்டவர் கொடுத்த வசனம் பொய்யாகாது, இதைவிடப் பெரிய வேலை வரும்" என்கிறார் அம்மா. வேதாகமக் கல்லூரியில் படிக்கும் என் சித்தி மகனோ, "அண்ணா, அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எழுதிய கடிதம், உங்களுக்கில்லை" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான். அம்மா சொல்வதை நம்ப முடியவில்லை. அவன் சொல்வதைக் கேட்டால், எனக்கென்று ஒரு வசனமாவது மிச்சம் இருக்குமா என்று தோன்றுகிறது. காலையில் தலை வாரும்போதெல்லாம் அந்த அட்டைதான் எதிரே நிற்கிறது. கிழித்துவிடவா, விட்டுவைக்கவா?

ஜெபவீரன்:
பிரதர், சந்தேகத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். 2 கொரிந்தியர் 1:20 படியுங்கள். தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் இயேசுகிறிஸ்துவுக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கின்றன. "எல்லாம்" என்றால் எல்லாம்தான். படித்தவர்கள் சொல்வதைக் கேட்டு விசுவாசத்தை இழந்துவிடாதீர்கள். டிசம்பருக்குள் வேலை கிடைத்ததென்று சபையில் சாட்சி சொல்வீர்கள். ஆமென்!

சைதாப்பேட்டை டீச்சர்:
தம்பி, நான் 31 வருடம் பள்ளியில் தமிழ் நடத்தியவள், ஞாயிறு பள்ளியிலும் நடத்துகிறேன். ஆகவே இலக்கணத்திலிருந்துதான் தொடங்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பழைய திருப்புதலில், அதாவது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில், ஆண்டவர் ஒரு ஆளிடம் பேசும்போது "நீ" என்றுதான் பேசுவார். யோசுவாவிடம் "நீ போகும் இடமெல்லாம்" என்கிறார். மரியாதைக்காக "நீங்கள்" போடும் வழக்கம் அங்கே கிடையாது. அதனால் எரேமியா 29இல் "நீங்கள்", "உங்கள்பேரில்" என்று வந்தால் அது கூட்டம், ஊரை இழந்து போன ஒரு கூட்டம். அட்டையில் தனியாக அச்சடித்து ஒருவர் கையில் கொடுக்கும்போது, அந்த "நீங்கள்" என்னமோ நம்மை மரியாதையாகக் கூப்பிடுவதுபோல் ஆகிவிடுகிறது. (இதையே விதியாகப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. ஏசாயா 43இல் "யாக்கோபே, இஸ்ரவேலே" என்று ஒரு ஜனத்தையே "நீ" என்கிறார். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.)

அட்டையை விட்டுவிட்டு முந்தின அதிகாரத்தைப் படியுங்கள். 28இல் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களைப் பற்றி, "இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள்" என்கிறான். எரேமியா என்ன பதில் சொல்கிறார் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் அதுதான் ஆசை! ஆனால் ஆசை வேறு, ஆண்டவர் சொன்னது வேறு என்று அவருக்குத் தெரியும். 29ஆம் அதிகாரக் கடிதத்தில், திரும்பி வர எழுபது வருஷம் என்று எழுதி அனுப்புகிறார். கி.மு. 597இல் 30 வயதில் பாபிலோனுக்குப் போனவர் என்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். 539இல் பெர்சியர் பாபிலோனைப் பிடித்தபோது அவர் உயிரோடு இருந்திருந்தால் வயது 88. கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அங்கேயே மண்ணாகியிருப்பார்கள். நமக்கு அட்டையில் வரும் 11ஆம் வசனத்துக்கு நேர் மேலே, 10ஆம் வசனத்தில்தான் அந்த எழுபது நிற்கிறது. எந்த அட்டையிலும் அதை நான் பார்த்ததில்லை.

ஜெபவீரன் தம்பி சொன்ன வசனத்தை நான் மறுக்கவில்லை. ஆம் என்பது ஆம்தான். ஆனால் எதற்கு ஆம்? கடவுள் தம் ஜனத்தைக் கைவிடமாட்டார் என்பதற்கு. ஏப்ரல் சம்பள உயர்வுக்கு என்று அந்தக் கடிதத்தில் எங்கே இருக்கிறது?

இப்போது ஏசாயா 43. 2015இல் எனக்கு வந்த அட்டை 43:2. "நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை." அந்த வருடம் டிசம்பர் 1 ராத்திரி அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தது. பீரோவின் இரண்டாம் தட்டு வரை தண்ணீர். புரண்டது தம்பி, நன்றாகவே புரண்டது. என் கல்யாணப் புடவை, வீட்டுக்காரரின் பென்ஷன் தாள்கள், அந்த அட்டை எல்லாம் சேறு. மூன்று நாள் ஆலய ஹாலில் கிடந்தோம். பெயர் தெரியாத பையன்கள் இடுப்பளவுத் தண்ணீரில் சோற்றுப் பொட்டலம் சுமந்து வந்தார்கள். வசனத்தை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த ஹாலில் ஒரு பாட்டியம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவர், வேளாவேளைக்கு ஊருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். கார்ப்பரேஷன் ஆட்களுக்கு, படகுக்காரர்களுக்கு, மின்சார வாரிய ஊழியர்களுக்கு. தமக்காக ஒரு வார்த்தை இல்லை. ஊருக்குப் போன பிறகுதான் எனக்கு எரேமியா 29:7 ஞாபகம் வந்தது. சிறைப்பட்டுப் போன "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்."

பார்த்தீர்களா, 7இலும் சமாதானம், 11இலும் சமாதானம். எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் ஷாலோம் என்ற ஒரே சொல்தான். ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் 11இல் செழிப்பு என்று போட்டு இந்தத் தொடர்பை அறுத்துவிட்டார்கள். நம் பழைய தமிழ் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. உங்களுக்கு வைத்திருக்கும் சமாதானம் உங்கள் ஊரின் சமாதானத்துக்குள்தான் இருக்கிறது என்று கடிதம் சொல்கிறது. அந்தப் பொருளில் அது உங்களுக்கும்தான், எனக்கும்தான். உங்கள் சித்தி மகன் கடிதத்தின் முகவரியைச் சரியாகப் படித்திருக்கிறான், ஆனால் முகவரியோடு நின்றுவிட்டான்.

அட்டையைக் கிழிக்க வேண்டாம். பக்கத்தில் அதிகாரம் முழுவதையும் எழுதி ஒட்டுங்கள். பீரோ கண்ணாடி பத்தாது, அது வேறு விஷயம்.

புரசை லுத்தரன்:
டீச்சரோடு ஒத்துப்போகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சீட்டுப் போட்டு வசனம் எடுப்பதைச் சிலர் ஏதோ மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறார்கள். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியச் சபை என்ற புராட்டஸ்டண்ட் சபையார் 1731 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் என்று புத்தகமாக அச்சிட்டு வருகிறார்கள். பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டில்தான் விழுகிறது. ஆனால் அதை அப்படியே விடுவதில்லை. அதற்குப் பொருந்துகிற புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றைத் தேடிப் பக்கத்தில் வைக்கிறார்கள். நாம் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, தேடுகிற வேலையை விட்டுவிட்டோமோ என்னவோ.

கொளத்தூர்க்காரன்:
டீச்சர், நேற்று ராத்திரி 28, 29 இரண்டையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுபது வருஷம் வந்ததும் "போதும், மூடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள் என்று சொன்னதைத் திரும்பப் படி" என்றார். படித்தேன். "அப்போ வேலை கிடைக்கிற வரைக்கும் சும்மா உட்காராமல் மொட்டைமாடி ஒழுகலை அடை" என்று முடித்துவிட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி. அந்தப் பட்டணத்துக்குள் எங்களை நிறுத்திய முதலாளியும் சேர்த்தியா? அவருக்காகவும் ஜெபிக்க வேண்டுமா? எனக்கு வாய் வரவில்லை.

சைதாப்பேட்டை டீச்சர்:
அவர்களைச் சிறைபிடித்துப் போன ராஜா நேபுகாத்நேச்சாரின் பட்டணத்துக்கே ஜெபிக்கச் சொல்லியிருக்கிறது, உங்கள் முதலாளி எம்மாத்திரம். கசப்பாகத்தான் இருக்கும், எனக்கும் இப்படி ஓர் ஆள் உண்டு. வாய் வருகிற அன்றைக்குச் செய்யுங்கள். அதற்காகப் பாக்கிச் சம்பளத்தை விட்டுவிடாதீர்கள். தொழிலாளர் அலுவலகத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.