மெட்ஃபார்மின் போட்டால் வயிற்றுப்போக்கு: அப்பா மாத்திரையே வேண்டாம் என்கிறார்

ஈரோடு மகள்:
அப்பாவுக்குச் சர்க்கரை என்று போன மாதம் தெரிந்தது. மெட்ஃபார்மின் 500 மி.கி. காலை, இரவு போடச் சொன்னார்கள். அதிலிருந்து காலையில் நாலைந்து முறை தண்ணீராகப் போகிறது. வாயில் இரும்பு ருசி வேறு. அவர் டவுன் பஸ் கண்டக்டர். டிரிப் நடுவில் எங்கே இறங்கி ஓடுவார்? மாத்திரையை விட்டுவிட்டுப் பாகற்காய் ஜூஸ் மட்டும் குடிக்கப் போகிறாராம். என்ன செய்யலாம்?

மதுரை மருந்துக்கடை:
தங்கச்சி, நிறுத்த விடாதீர்கள். இந்த மருந்து குடலில்தான் அதிகமாகத் தேங்கும், அதனால்தான் இந்தத் தொல்லை. பலருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். வெறும் வயிற்றில் போடக் கூடாது, டீ பிஸ்கட்டும் போதாது. இரண்டு இட்லி சாப்பிட்டதும் மாத்திரை, அப்புறம் மீதிச் சாப்பாடு.

அட்டையில் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். என்று போட்டிருக்கிறதா? இல்லாவிட்டால் அது சாதா மாத்திரை. எஸ்.ஆர். மெதுவாகக் கரையும், பலருக்கு வயிறு தாங்குகிறது. டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். சிலருக்கு ராத்திரி ஒரு வேளை மட்டும் கொடுத்து, வாரா வாரம் கொஞ்சமாக ஏற்றுவார்கள், அதையும் கேளுங்கள். எஸ்.ஆர். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மலத்தில் அதன் கூடு வந்தால் பயப்பட வேண்டாம், மருந்து உடம்பில் சேர்ந்த பிறகுதான் வரும்.

வாந்தியும் சேர்ந்து, குடிக்கிற தண்ணீர்கூடத் தங்காவிட்டால் அன்றே டாக்டரைப் பாருங்கள். உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அந்த நேரத்தில் இந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள்.

கோவை பாட்டி:
கண்ணு, நான் வருஷக்கணக்காக இதைத்தான் போடுகிறேன். வெறும் வயிற்றில் பாகற்காய் ஜூஸ் குடித்தால் அதுவே வயிற்றைக் கலக்கும். ‘சுகர் ஃப்ரீ’ மிட்டாய், பிஸ்கட் வாங்குகிறாரா? அதில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சார்பிட்டால், மால்டிட்டால் இருந்தால் அதுவும் பேதியாகும். வயிறு அடங்கும்வரை எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், மோர் சாதம் கொடு. இந்த மாத்திரையை நெடுநாள் போட்டால் பி12 வைட்டமின் குறையலாம். பிற்பாடு கால் மதமதப்பு வந்தால் அந்த டெஸ்டை எடுக்கச் சொல்.

ஈரோடு மகள்:
நன்றி பாட்டி, நன்றி அண்ணா. அட்டையில் எஸ்.ஆர். இல்லை. காலையில் கிளிமெபிரைடு 1 மி.கி. என்று ஒரு சின்ன மாத்திரையும் போடுகிறார். வயிற்றுக்குப் பயந்து இப்போது காலைச் சாப்பாட்டையே விட்டுவிட்டுப் போகிறார்.

மதுரை மருந்துக்கடை:
வயிற்றுப்போக்கைவிட இதுதான் எனக்குக் கவலை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை மிகவும் தாழ்வது அபூர்வம். கிளிமெபிரைடு அப்படியில்லை. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் வியர்த்து, கை நடுங்கி, மயக்கமே வரலாம். ஓடுகிற பஸ்ஸின் படியில் நிற்கிறவர். பையில் எப்போதும் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ இருக்கட்டும், நடுக்கம் வந்தால் உடனே வாயில் போடச் சொல்லுங்கள். சாப்பாட்டை விடவே கூடாது. சாப்பிட முடியாத நாளில் அந்தச் சின்ன மாத்திரையை என்ன செய்வது என்று நாளை டியூட்டிக்குக் கிளம்பும் முன்பே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.