மறு: மறு: ஏர்பிரஷ், கம்ப்ரஸர்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

சிற்றளவு விமானம், டாங்கி, கப்பல் மாதிரிகளுக்கு வண்ணம் பூசப் புதிதாகத் தொடங்குவோருக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதப்படுகிறது. அதிகம் செலவழிக்காமல் எந்த ஏர்பிரஷ், எந்தக் கம்ப்ரஸர் வாங்குவது என்பதுதான் முதல் இயல். இப்போதைக்குக் கைவசம் உள்ள சொற்கள்: காற்றுத்தூரிகை (ஏர்பிரஷ்), காற்றமுக்கி (கம்ப்ரஸர்), ஈரப்பொறி (காற்றிலுள்ள நீரைப் பிடிக்கும் மாய்ஸ்ச்சர் ட்ராப்), இரட்டைச் செயல் (காற்றையும் வண்ணத்தையும் ஒரே விசையால் இயக்கும் டபுள் ஆக்ஷன்). திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

———

> காற்றுத்தூரிகை

ஐயா, வணக்கம். இந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடலாம் என்பது என் வேண்டுகோள். தூரிகை என்றால் மயிர்க்கற்றை இருக்கும், பரப்பைத் தொட்டு இழுப்போம். இங்கே எதுவும் தொடுவதில்லை. ஊசியின் கூர்முனை நாசிலின், அதாவது முன்னுள்ள நுண்குழலின், துளையை அடைத்தபடி நிற்கிறது. விசையை அழுத்தினால் நாசிலைச் சுற்றியுள்ள மெல்லிய வளைய இடுக்கு வழியே காற்று பாய்கிறது. விசையைப் பின்னால் இழுத்தால் ஊசி பின்வாங்கித் துளை திறக்கிறது. பாயும் காற்று முனையில் அழுத்தத்தைக் குறைப்பதால் வண்ணம் உறிஞ்சப்பட்டு, நுண்துளியாகச் சிதறுகிறது. 1870களின் இறுதியில் இதன் முன்னோடிக் கருவியைச் செய்த அப்னர் பீலர் 'வண்ணம் பரப்பி' என்ற பொருளில்தான் பெயர் வைத்திருந்தார். தூரிகை என்ற பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதை நாமும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

பெயர் ஏன் முக்கியம் என்றால், தூரிகை என்று படித்தவர் அதைத் தூரிகை போலவே பயன்படுத்துகிறார். கெட்டியான வண்ணத்தை அப்படியே ஊற்றி, ஒரே பூச்சில் மூட முயல்கிறார். நாசில் அடைத்துக்கொள்கிறது.

என் பரிந்துரை 'வளித்தூவி'. காற்றால் தூவுவது.

———

தூவி என்பது 'பூவைத் தூவி' என்பதுபோல வினையெச்சமாகவும் படிக்கப்படுமே? 'தூவியை எடுத்துத் தூவி' என்று எழுத நேர்ந்தால் வாசகர் தடுமாற மாட்டாரா? தெளிப்பான் என்பது பழகிய சொல், அதையே வைத்துக்கொண்டால் என்ன?

———

தெளிப்பான் என்றதும் பூச்சிமருந்து அடிக்கும் கருவிதான் நினைவுக்கு வரும் ஐயா. இது 0.3 மி.மீ. துளை வழியே மயிரிழைக் கோடு போடும் கருவி. இரண்டுக்கும் ஒரே பெயர் பொருந்தாது. வினையெச்சக் குழப்பம் நியாயமான கேள்விதான். ஆனால் தனியாக நிற்காமல் 'வளித்தூவி' என்று தொகையாக வரும்போது அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். 'அன்னத்தின் தூவி' என்று குறளில் வரும் பழைய பொருளும், அதாவது இறகு, இதன் மென்மைக்குத் துணைநிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் இது.

———

> காற்றமுக்கி, ஈரப்பொறி

வளித்தூவிக்கு என் ஒப்புதல். காற்றமுக்கியும் இருக்கட்டும். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் பிரஷர் என்பதே அமுக்கம்தான், இங்கே அதை அழுத்தம் என்கிறோம். கையேட்டின் தொடக்கத்திலேயே 'கருவி அமுக்கி, அளவு அழுத்தம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இந்த இயலின் கனமே காற்றமுக்கியில்தான் இருக்கிறது. செலவைக் குறைக்க நினைப்பவர் தூவியில் குறைக்கலாம், அமுக்கியில் குறைத்தால் தினமும் அவதி. காற்றைச் சேமிக்கும் கலன் இல்லாத சிறிய சவ்வு வகை, ஒவ்வொரு துடிப்புக்கும் காற்றை விட்டுவிட்டுத் தள்ளும். மெல்லிய கோடு இழுத்துப் பாருங்கள், அது மணி கோத்தாற்போலத் துண்டு துண்டாக விழும். வாங்கியவர் தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்துக்கொள்வார். 3 லிட்டர் கலன் ஒன்று இருந்தால் அந்தத் துடிப்பு அடங்கிவிடும். 1/5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 20 முதல் 23 லிட்டர், எண்ணெய் இல்லாத உந்துதண்டு வகை, கலனில் அழுத்தம் 3 பாருக்கு இறங்கினால் தானே ஓடி 4 பாரில் தானே நிற்பது: இப்படி ஒன்று இந்த வேலைக்குத் தாராளம். பல பெயர்களில் விற்றாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே அமைப்புதான். கைக்குள் அடங்கும் மின்கல வகையில் கலனும் கிடையாது, அழுத்தத்தை அமைக்கும் சீராக்கியும் பெரும்பாலும் கிடையாது. சின்ன உருவங்களுக்குச் சமாளிக்கலாம், பெரிய விமான இறக்கைக்கு ஆகாது.

இனி 'ஈரப்பொறி'. பொறி என்றால் இயந்திரம், தீப்பொறி, எலிப்பொறி என்று மூன்று பக்கம் இழுக்கிறது. ஒலிவாங்கி வரிசையில் 'நீர்வாங்கி' என்றால் என்ன? இன்னொரு காரணமும் உண்டு. அது ஈரத்தைப் பிடிப்பதில்லை, துளியாகக் குளிர்ந்த நீரை மட்டுமே பிடிக்கிறது. அமுக்கியிலிருந்து வெளிவரும் காற்று சூடாக இருப்பதால் நீர் இன்னும் ஆவியாகவே இருக்கும். அந்த இடத்திலேயே நீர்வாங்கியை மாட்டினால் ஆவி அதைக் கடந்துபோய், குழாயில் குளிர்ந்து, நேராக மாதிரியின் மேல் துளியாகத் துப்பும். கலனில் ஆறிய காற்று வரும் பக்கத்தில் மாட்ட வேண்டும். கலனின் அடியில் உள்ள வடிகால் திருகையும் வேலை முடிந்ததும் திறந்துவிட வேண்டும், இல்லையேல் உள்ளே துருப்பிடிக்கும்.

———

நீர்வாங்கி அருமை, எடுத்துக்கொள்கிறேன். அழுத்த எண்களையும் சொல்லுங்கள். பலரும் 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) என்று எழுதுகிறார்கள், ஆனால் அவரவர் சொல்வது வேறுவேறு 20 ஆகத் தெரிகிறது.

———

சரியாகப் பிடித்தீர்கள். விசையைத் தொடாதபோது மானி காட்டுவது ஒன்று, அழுத்திக் காற்று பாயும்போது காட்டுவது வேறு. 25இல் வைத்தது அழுத்தியதும் 20க்கு இறங்கிவிடும். ஆகவே இரண்டு சொல் கட்டாயம் வேண்டும்: 'நிலையழுத்தம்', 'பாய்வழுத்தம்'. விசையை அழுத்திப் பிடித்தபடியே சீராக்கியைத் திருகி, பாய்வழுத்தத்தைத்தான் அமைக்க வேண்டும். நீர்கலந்த அக்ரிலிக்குக்குப் பாய்வழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ, ஏறத்தாழ 1 முதல் 1.4 பார். அடிப்பூச்சுக்கு 25 வரை போகலாம். நுண்கோட்டுக்கு 10, 12 போதும், ஆனால் வண்ணத்தை அதற்கேற்ப மேலும் நீர்க்க வைக்க வேண்டும்.

எவ்வளவு நீர்க்க என்பதற்குத் தமிழில் 'பதம்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதுவும் தேட வேண்டாம். பால் பதம் என்று எழுதுங்கள்: கிண்ணத்தின் சுவரில் தூரிகையால் ஏற்றிவிட்டால் மெல்லிய படலம் விட்டு வழிந்திறங்க வேண்டும். தடம் இல்லாமல் ஓடிவிட்டால் நீர்த்தது மிகை, அப்படியே ஒட்டி நின்றால் குறை.

———

> இரட்டைச் செயல்

இதை 'ஈரியக்கம்' என்றும், விசை காற்றை மட்டும் திறக்கும் ஒற்றைச் செயல் வகையை 'ஓரியக்கம்' என்றும் சுருக்கலாம். அழுத்தினால் காற்று, இழுத்தால் வண்ணம், ஆக இரண்டு இயக்கம். தொடங்குவோர் ஈரியக்கமே வாங்கட்டும். ஓரியக்கத்தில் வண்ணத்தின் அளவைத் திருகித் தனியாக அமைக்க வேண்டும், கோட்டின் நடுவே மாற்ற முடியாது. வண்ணம் தன் எடையால் இறங்கும் வகை 'மேற்கிண்ணம்', கீழிருந்து உறிஞ்சும் வகை 'கீழ்க்குப்பி'. சிற்றளவு வேலைக்கு மேற்கிண்ணமே ஏற்றது. பத்துத் துளி வண்ணத்திலும் வேலை நடக்கும், குறைந்த அழுத்தத்திலும் இறங்கும்.

நாசில் அளவு 0.3 அல்லது 0.35 மி.மீ. போதும். 0.2 மலிவாகக் கிடைத்தாலும் முதல் கருவியாக வேண்டாம், அக்ரிலிக் அதில் அடிக்கடி அடைக்கும். நாசிலை மட்டும் நாசில் என்றே விட்டுவிடுவோம். உதிரி கேட்டு வாங்கும்போது அந்தச் சொல்தான் உதவும். ஆனால் அதில் இரு வகை: கடுகளவு இருந்து மரையில் ஏறும் 'திருகு நாசில்', தொப்பியின் பிடியில் உட்காரும் 'செருகு நாசில்'. திருகு நாசிலைச் சாவியால் கொஞ்சம் மிகையாக இறுக்கினாலே கழுத்து முறிந்து மரை உள்ளே மாட்டிக்கொள்ளும். மலிவுக் கருவி உதவாமல் போவதற்கு இது பெரிய காரணம். விரல் இறுக்கத்துக்கு மேல் இம்மியளவு போதும். ஊசியைச் சுற்றியுள்ள அடைப்பு டெஃப்லானாக இருக்கிறதா என்றும் கேட்டு வாங்குங்கள். ரப்பர் வளையம் லாக்கர் தின்னரில் ஊறி உப்பி, ஊசியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

கோளாறுகளுக்கு என் பட்டியல்: நாசில் முனையில் வண்ணம் காய்ந்து பொருக்கு கட்டுவது 'நுனியுலர்வு'. காற்றை நிறுத்தி, ஈரப் பஞ்சுக்குச்சியால் முனையைத் துடைத்தால் போதும், அழுத்தத்தை ஏற்றாதீர்கள். மிக அருகில் நீர்த்த வண்ணத்தை அடித்தால் சொட்டிலிருந்து கால் கால்களாக ஓடுவது 'சிலந்திக்கால்'. தொலைவிலிருந்து அடித்து, துளி காற்றிலேயே காய்ந்து மாவாக ஒட்டுவது 'மாப்படிவு'. தூவல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஊசிமுனை வளைந்திருக்கிறது. ஊசியை நகத்தின் மேல் படுக்கவைத்து மெதுவாகச் சுழற்றுங்கள், கொக்கி இருந்தால் உராயும்.

———

கிண்ணத்தில் குமிழி வருவதற்கும் ஒரு சொல் வேண்டுமே?

———

அதற்கு இரண்டு சொல் வேண்டும். முனையைத் துணியால் பொத்தி, காற்றை வேண்டுமென்றே கிண்ணத்துக்குள் திருப்பிக் கழுவுவது 'எதிரூதல்'. முனை திறந்திருக்கும்போதே குமிழி வந்தால் அது கோளாறு: நாசில் சரியாக உட்காரவில்லை, அல்லது கழுத்தில் விரிசல். அதை 'எதிர்க்கசிவு' என்போம். புதியவர்கள் இரண்டையும் ஒன்றென்று எண்ணி, விரிசல் விட்ட நாசிலைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

மறந்துவிடப் போகிறேன்: குழாயின் இரு முனையும் ஒன்றல்ல. அமுக்கிப் பக்கம் பெரும்பாலும் 1/4 அங்குல மரை, தூவிப் பக்கம் 1/8. பேட்ஜர், பாஷே போன்ற சில நிறுவனங்களின் தூவிகளில் மரை அளவே வேறு. அவற்றை இணைக்கும் சிறு பித்தளைத் துண்டுக்கு 'மரைமாற்றி' என்று சேர்த்துக்கொள்ளுங்கள், வாங்கும் பட்டியலில் அதுவும் இருக்கட்டும்.