யூதாஸ் வாயில மரியாள் பாட்டு: உங்களுக்கும் இப்படி ஆச்சா?

ஒரு ஆல்பத்துல ஒருத்தர் பாடுன ட்யூன் பின்னாடி வேற ஆள் வாயில திரும்பி வந்து உங்கள உலுக்குன அனுபவம் இருந்தா சொல்லுங்க. முதல்ல என்னோடத சொல்லிடறேன்.

‘ஜீசஸ் க்ரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’. இயேசுவோட கடைசி நாட்கள பாட்டாவே சொல்ற ராக் ஓபரா. 1970ல வந்த ரெட்டை எல்பி ரெக்கார்டு, நாடகம் படம் எல்லாம் அப்புறம்தான், முதல்ல வந்தது ஆல்பம். ஆண்ட்ரூ லாய்ட் வெபர் இசை, டிம் ரைஸ் வரிகள். இயேசுவா டீப் பர்ப்பிள் ராக் பேண்ட் பாடகர் இயன் கில்லன், யூதாஸா மர்ரே ஹெட், மக்தலேனா மரியாளா இவோன் எலிமன். நான் கில்லன் குரலுக்காக கேக்க ஆரம்பிச்சவன், பிடிச்ச நாலு பாட்ட மட்டும் மாத்தி மாத்தி போட்டுக் கேட்டு வருஷக்கணக்கா ஓட்டிட்டேன், வரிசையா ஒரு தடவகூட கேட்டதில்ல.

ஒரு நாள் திருநெல்வேலிலேர்ந்து சென்னைக்கு நைட் பஸ், தூக்கம் வரல, முதல்லேர்ந்து போட்டு விட்டேன். இவர எப்படி நேசிக்கறதுன்னே தெரியலயேன்னு மரியாள் தவிக்கிற அந்தப் பாட்டு வந்துச்சு, தெரிஞ்ச பாட்டுதானே, வழக்கம் போல கேட்டேன், போயிருச்சு. ரொம்ப நேரம் கழிச்சு யூதாஸ் சாகற கட்டம். ஆசாரியருங்க முன்னாடி கதறுறான், அவங்க கண்டுக்கல, அவனத் தனியா விட்டுட்டாங்க, சட்டுனு எல்லாம் அடங்குது, பாத்தா அதே மரியாள் ட்யூன், அதே முதல் வரி, இப்ப யூதாஸ் வாயில. விக்கிரவாண்டி தாண்டியிருக்கும்னு நினைக்கிறேன், எனக்கு தொண்ட அடைச்சுருச்சு. காட்டிக்கொடுத்தவனும் அவள மாதிரியே தவிச்சவன்தான்னு யாரும் எடுத்துச் சொல்லல, அந்த ட்யூன் திரும்பி வந்ததுலயே புரிஞ்சுபோச்சு.

வீட்டுக்கு வந்து மறுபடி கேட்டப்ப இன்னொன்னு பிடிபட்டுச்சு. இயேசுவ காட்டிக்கொடுக்க யூதாஸ் காசு வாங்குற பாட்டு முடியும்போது ஒரு கோரஸ், நல்லா செஞ்சடா யூதாஸ்னு மெதுவா பாராட்டும். அவன் செத்த உடனே அதே கோரஸ் அதே மெட்டுல போய்ட்டு வாடா யூதாஸ், பாவம்டா நீன்னு பாடுது. அந்தக் குரலுங்க யாரோடதுன்னு எங்கயும் சொல்லல, எனக்கு அதுதான் ஆல்பத்துலயே ரொம்ப பயமா இருக்கற இடம்.

*

அண்ணா, நான் சர்ச் கொயர்ல கீபோர்டு வாசிக்கிறேன், எனக்கு ஆனது அதே ஆல்பத்துல, எருசலேம் தேவாலயத்துல நடக்கற பாட்டுல. ஏழு எண்ணிக்கை அது, நம்ம கர்நாடக சங்கீத மிஸ்ர சாபு தாளம் போட்டுப் பாத்தா தொடையில தட்டிரலாம். வியாபாரிங்க கூவிக் கூவி விப்பாங்க, இயேசு துரத்தி விடுவாரு, அப்புறம் குஷ்டரோகிங்க வருவாங்க, என் கண்ணப் பாருங்க என்னத் தொடுங்கன்னு. நான் தொடையில மறுபடி தட்ட ஆரம்பிச்சா அதே எண்ணிக்கை, அப்பதான் உறைச்சுது, வியாபாரிங்க பாடுன அதே ட்யூன்! மெதுவா ஆரம்பிச்சு கூட்டம் ஏற ஏற வேகமும் ஏறி கடைசில அவரால தாங்க முடியாம, உங்கள நீங்களே குணமாக்கிக்கோங்கன்னு கத்திருவாரு. அப்புறம் அவரப் பிடிச்சுட்டுப் போறப்ப சுத்தி நின்னு கேள்வி மேல கேள்வி கேக்குற கும்பலுக்கும் அதே ட்யூன்தான்ணா. விக்க வந்தவன், சுகம் கேட்டு வந்தவன், வேடிக்க பாக்க வந்தவன், மூணு கூட்டமும் அவர் காதுல ஒண்ணாதான் கேட்டிருக்கு. குஷ்டரோகிங்கள வியாபாரிங்களோட சேத்தது சரியான்னு எனக்கு இன்னும் மனசு ஒப்பல, ஆனா அந்தக் களைப்ப இதவிட நல்லா காட்ட முடியாதுன்னும் தோணுது.

*

கீபோர்டு தம்பி சொன்னத கேட்டு இன்னிக்கு தட்டிப் பாத்தேன், ஆமாப்பா!

என்னோடது அந்த ஆல்பத்தோட கடைசி ட்ராக். பாட்டு கிடையாது, ஸ்ட்ரிங்ஸ் மட்டும், ரெண்டு நிமிஷம் போல. பிடிபடறதுக்கு முன்னாடி இயேசு ஜெபம் பண்ற கெத்செமனே பாட்டுல கில்லன் ஏன் நான் சாகணும்னு உயிரக் கொடுத்து கத்துவாரே, அந்த ட்யூனேதான், ஆனா கத்தல் இல்ல, ஆள் இல்ல. ட்ராக் பேரு யோவான் 19:41. ரொம்ப நாள் அத வெறும் நம்பராத்தான் பாத்திருக்கேன். போன பெரிய வெள்ளி ஆராதனை முடிஞ்சு வந்து அம்மாவோட பைபிள எடுத்துப் புரட்டுனேன், சிலுவையில அறைஞ்ச இடத்துல ஒரு தோட்டம் இருந்துச்சு, அந்தத் தோட்டத்துல யாரையும் வைக்காத ஒரு புதுக் கல்லறை இருந்துச்சுன்னு போட்டிருக்கு. கெத்செமனேயும் தோட்டம்தான், அதே யோவான் அத தோட்டம்னுதான் எழுதியிருக்காரு. அங்க கெஞ்சுன ட்யூன் இங்க வந்து படுத்திருக்கு. அம்மா பக்கத்துல உக்காந்து என்னடா படிக்கிறன்னு கேட்டாங்க, ஹெட்போன் ஒரு பக்கத்த அவங்க காதுல வெச்சேன். முடிஞ்சதும் உயிர்த்தெழுதல் எங்கடான்னு கேட்டாங்க. இல்லம்மா, இதோட முடிஞ்சிருதுன்னேன்.