2003 அமெரிக்க மின்தடை: குற்றவாளி மரமா, கணினியா?

பவர்ஃப்ளோ பாலா:
2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. இழந்த சுமை 61,800 மெகாவாட். இதைப் பற்றி யாரைக் கேட்டாலும் "ஒஹையோவில் மரம் கம்பியைத் தொட்டுவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இவ்வளவு பெரிய கிரிட்டில், அதாவது மின் வலையமைப்பில், மரமோ பறவையோ ஏதாவது ஒரு லைனைத் தொடத்தான் செய்யும். எந்த ஒரு லைன் போனாலும் மீதி தாங்க வேண்டும் என்பதுதான் என்-1 விதி. ஒன்று போனதும் அரை மணிக்குள் அடுத்த இழப்புக்குத் தாங்கும் நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்குக் கணக்கு ஓட வேண்டும். அன்று ஓடவில்லை.

அந்தப் பகுதியின் கிரிட்டைக் கண்காணித்த மிசோ என்ற நிறுவனத்தில் ஸ்டேட் எஸ்டிமேட்டர் என்ற நிரல் உண்டு. துணைமின் நிலையங்களிலிருந்து வரும் அளவீடுகளில் பிழை இருக்கும், சில வராமலே போகும். அவற்றையும் வலையமைப்பின் வரைபடத்தையும் சேர்த்து, "இப்போது கிரிட்டின் உண்மை நிலை இதுவாகத்தான் இருக்க முடியும்" என்று அது கணித்துச் சொல்லும். 1970இல் எம்ஐடியின் ஃபிரெட் ஷ்வெப்பி கொடுத்த வழி. "இந்த லைன் போனால் என்ன ஆகும்" என்ற சோதனை முழுக்க இதன் விடைமேல்தான் நிற்கிறது.

அன்று மதியம் 12:15 வாக்கில் அது தடுமாறத் தொடங்கியது. பக்கத்துப் பகுதியில் ஒரு 230 கிலோவோல்ட் லைன் நின்றுபோனது அதற்குத் தெரியவில்லை. ஒருவர் அதைச் சரிசெய்தார். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் வசதியை மறுபடி இயக்க மறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். 2:40க்குத்தான் கவனித்தார்கள். அதற்குள் 2:02க்கு ஸ்டூவர்ட்-அட்லாண்டா லைன் விழுந்திருந்தது. அதுவும் நிரலின் கிரிட் மாதிரிக்குள் வராததால் கணக்கு மறுபடி குழம்பியது. முழுதாகச் சரியானபோது 4 மணி தாண்டிவிட்டது. 4:05:57க்கு சாமிஸ்-ஸ்டார் லைன் போனது. 4:13க்குள் எல்லாம் முடிந்தது.

லைன்மேன்மகன்:
பாலா, நேரமெல்லாம் சரி. முக்கியமான எண்ணை விட்டுவிட்டீர்கள். ஒஹையோவின் ஃபர்ஸ்ட்எனர்ஜி மின்நிறுவனத்தின் லைன்களில் 3:05க்கு முதலில் போன சேம்பர்லின்-ஹார்டிங்கில் எவ்வளவு சுமை ஓடியது? அதன் திறனில் 44 சதவீதம். பாதிகூட இல்லை! அந்த நிலையில் எந்த ஸ்டேட் எஸ்டிமேட்டரைக் கேட்டாலும் "லைன் நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்லும். கீழே மரம் வளர்ந்து நிற்பது எந்தச் சமன்பாட்டில் வருகிறது? 3:32க்கு ஹன்னா-ஜூனிப்பர், 88 சதவீதத்தில். 3:41க்கு ஸ்டார்-சவுத் கேன்டன், 93 சதவீதத்தில். மூன்றும் மரத்தில் பட்டுத்தான் போயின, மூன்றுமே தம் வரம்புக்குள் இருக்கும்போது. அப்பா லைன்மேனாக இருந்தவர், அதனால் சொல்கிறேன்: வழித்தடத்தை வெட்டிச் சுத்தமாக வைக்கும் பணம்தான் எந்த மின்நிறுவனத்திலும் முதலில் வெட்டுப்படும். அதை விட்டுவிட்டுக் கணினி வாங்கப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

குறியீட்டாளன்:
இருவருமே ஃபர்ஸ்ட்எனர்ஜி கட்டுப்பாட்டு அறைக்குள் போகவில்லையே. லைன்கள் அவர்களுடையவை. 2:14க்கு அங்கே அலாரம் நிரல் உறைந்துவிட்டது. உறைந்துவிட்டது என்று சொல்லவும் ஒரு அலாரம் இல்லை. ஒரே தரவை இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் மாற்றப் போய்ச் சிக்கிக்கொண்ட கோளாறு அது. லட்சக்கணக்கான வரிகளைத் துழாவிப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். தேங்கிய வேலையின் பாரத்தில் 2:41க்கு முதன்மை சர்வர் விழுந்தது. மாற்று சர்வர் அதே தேக்கத்தை அப்படியே வாங்கிக்கொண்டு 2:54க்கு விழுந்தது. திரை ஒரு முறை மாற ஒரு நிமிடம் பிடித்தது. ஐடி ஆட்கள் 3:08க்கு மறுபடி இயக்கினார்கள். ஆனால் அலாரம் வருகிறதா என்று ஆபரேட்டர்களிடம் கேட்கவில்லை.

வெளியிலிருந்து போன் போட்டுச் சொன்னவர்களைக்கூட அவர்கள் நம்பவில்லை. ஏன் நம்புவார்கள்? திரையில் எல்லாம் அமைதியாக இருந்ததே.

டெஸ்பாட்ச்சர்:
நான் பல வருடம் ஒரு லோடு டெஸ்பாட்ச் சென்டரில், அதாவது கிரிட் கட்டுப்பாட்டு மையத்தில், ஷிப்ட் பார்த்தவன். மூவருக்கும் ஒரே கேள்வி. திரையும் எஸ்டிமேட்டரும் பிசகாமல் ஓடியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? விசாரணைக் குழுவே கணக்குப் போட்டிருக்கிறது: சாமிஸ்-ஸ்டார் போவதற்கு முன் கிளீவ்லாந்து-ஆக்ரன் பகுதியில் 1,500 மெகாவாட் சுமையைத் துண்டித்திருந்தால் சரிவு நின்றிருக்கும். ஆகஸ்ட் மாத வெயில், பிற்பகல் நாலு மணி, ஒரு பெரிய நகரம். கரண்ட் இன்னும் போகவில்லை. "போகப்போகிறது, அதனால் நானே நிறுத்துகிறேன்" என்று எந்த ஷிப்ட் இன்ஜினியர் பொத்தானை அழுத்துவார்? மறுநாள் ஒன்றும் ஆகவில்லை என்றால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

2012ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 30, 31 இரண்டு நாளும் வட இந்தியா விழுந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து போயின, 60 கோடிக்கு மேற்பட்டவர்கள். அங்கே கண் தெரியாத பிரச்சினை இல்லை. மாநிலங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுப்பது திரையில் தெரிந்தது, குறைக்கச் சொல்லிச் செய்தியும் போனது. குறைக்கவில்லை. இதற்கு எந்த அல்காரிதம் வைத்திருக்கிறீர்கள்?

பவர்ஃப்ளோ பாலா:
சார், மனிதர் அழுத்தத் தயங்கும் பொத்தானை முன்கூட்டியே கணித்து, வரம்பு மீறினால் தானாக லைனைத் திறந்துவிடும் ரிலே கருவியிடம் கொடுத்துவிடுவதுதானே இதற்கு வழி? மின்னழுத்தம் இந்த அளவுக்கு இறங்கி இத்தனை நொடி நின்றால் இந்த பீடர்கள், அதாவது ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்கள், தானாகப் பிரியட்டும். கிளீவ்லாந்தில் அப்படித் தானியங்கி அமைப்பு இருந்திருந்தால் யார் தயங்கியிருக்கப் போகிறார்கள்?

டெஸ்பாட்ச்சர்:
2012இல் ரிலேக்கள் இருந்தன தம்பி. அதிர்வெண் இறங்கினால் சுமையைக் கழற்ற வேண்டிய ரிலேக்கள், காகிதத்தில் மாநிலம் மாநிலமாக. தேவைப்பட்ட நேரத்தில் போதுமான சுமை பிரியவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது. கழற்றும் பட்டியலில் எந்த பீடர் இருக்கும், யார் ஊர் பீடர் இருக்காது என்பதை எந்த நிரலும் தீர்மானிப்பதில்லை.

லைன்மேன்மகன்:
டெஸ்பாட்ச்சர் சார் பக்கம்தான் நான். ஆனால் 2012இல் பாலாவுக்குச் சாதகமாக ஒன்று உண்டு, நேர்மைக்காகச் சொல்கிறேன். அன்று பீனா-குவாலியர் 400 கிலோவோல்ட் லைனில் மரமும் இல்லை, பழுதும் இல்லை. அதிக சுமையையும் குறைந்த மின்னழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்த ரிலே, தொலைவில் எங்கோ பழுது என்று எடுத்துக்கொண்டு லைனைத் திறந்துவிட்டது. ரிலே செட்டிங்கை நிஜச் சுமையோடு வைத்து முன்பே ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தென்னிந்தியா அன்று தப்பியதற்கும் நம் சாமர்த்தியம் காரணமில்லை. வடக்கோடு நமக்கு நேர்மின் (டிசி) இணைப்பு மட்டும்தான் இருந்தது, அதன் வழியே அதிர்வெண் சரிவு தொற்றாது. ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியே ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது 2013 டிசம்பர் 31இல்தான். இப்போது அந்தத் தடுப்பு இல்லை.

குறியீட்டாளன்:
அதனால்தான் கேட்கிறேன், இன்னும் ஏன் மனிதரைக் கெஞ்ச வேண்டும்? இப்போது மின்னழுத்த அலையின் அளவையும் கோணத்தையும் அளக்கும் ஃபேசர் அளவீட்டுக் கருவிகள் நொடிக்கு 25, 30 முறை ஜிபிஎஸ் நேரத்தோடு தரவு அனுப்புகின்றன. 2003இல் இருந்த குருட்டுத்தனம் இன்று இல்லை. முடிவையும் கணினியே எடுக்கட்டும்.

டெஸ்பாட்ச்சர்:
2025 ஏப்ரல் 28, ஸ்பெயின், மதியம் 12:33. தரவுக்கோ கணினிக்கோ அங்கே பஞ்சமா? மின்னழுத்தம் ஏறியது, ஏறியதால் நிலையங்கள் கழன்றன, கழன்றதால் இன்னும் ஏறியது. சில நொடிகளில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் காலி. அங்கே சூரிய, காற்றாலை நிலையங்களில் பெரும்பகுதி மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேலையில் சேரவே இல்லை, விதி அப்படி. அந்த வேலைக்காக 28ஆம் தேதி ஓட வேண்டும் என்று திட்டமிட்ட பெரிய நிலையங்களில் ஒன்று முந்தைய நாளே "என்னால் வர முடியாது" என்று சொல்லிவிட்டது. அதன் இடத்தில் வேறொன்றைப் போடவில்லை. ஜூன் மாதம் வந்த அரசு அறிக்கை கிரிட் நிறுவனத்தின் திட்டமிடல் போதவில்லை என்றது. அவர்களோ, ஓடிய நிலையங்கள் தங்கள் கடமையைச் செய்யவில்லை என்கிறார்கள்.

பவர்ஃப்ளோ பாலா:
நீங்கள் சொன்னதே என் கட்சிக்குத்தான் சாட்சி. ஒரு நிலையம் வரவில்லை என்றதும் மறுநாள் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மின்னழுத்தப் பாதுகாப்பை மறுபடி கணக்கிட்டிருந்தால் ஓட்டை தெரிந்திருக்கும். மறுநாள் எந்தெந்த நிலையம் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் யூனிட் கமிட்மென்ட் கணக்கில் பெரும்பாலும் விலையும் மெகாவாட்டும்தான் நுழைகின்றன. மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் ரியாக்டிவ் பவரை அதற்குள் கொண்டுவந்தால் கணக்கு கனத்துவிடும் என்று எல்லோரும் எளிமையாக்கிவிடுகிறார்கள்.

டெஸ்பாட்ச்சர்:
சரி, கணக்கிட்டார்கள் என்றே வைப்போம். "எரிவாயு நிலையம் ஒன்று கூடுதலாக ஓட வேண்டும்" என்று விடை வரும். சூரிய மின்சாரம் பூஜ்ஜிய விலைக்குக் கிடைக்கும் வசந்த கால நடுப்பகலில் அந்த எரிவாயுக் காசு யார் கணக்கில் ஏறும்? அதை முதலில் எழுதுங்கள், நிரலைப் பிறகு பார்க்கலாம்.

லைன்மேன்மகன்:
அதே கணக்கில் மரம் வெட்டும் காசையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பாலா.