பழைய எம்ஜிபி கார்: பெட்ரோல் குழாயை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி:
1967 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி). அதில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்துக்குப் போகும் ரப்பர் குழாயை வளைத்தால் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றன, விரலில் கறுப்பு ஒட்டுகிறது. மின்சார பெட்ரோல் பம்ப் டிக்டிக்கென்று நன்றாகத்தான் அடிக்கிறது. குழாய் மட்டும் போதுமா?

பதில் 1:
போதாது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளிருந்தே அரிக்கும். உதிரும் துகள், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் ஊசி வால்வில் சிக்கினால் கிண்ணம் வழியும். அந்தப் பக்கமே சூடான எக்ஸாஸ்ட், பயப்பட வேண்டிய இடம். பெட்ரோல் குழாய்களுக்கான எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரத்தில் குழாய் வாங்குங்கள். வண்டியின் பின்பக்கம் பம்புக்கு அருகிலுள்ள குழாயை மாற்றப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பதில் 2:
ஊசி வால்வும் புதிது போடுங்கள். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால், கிண்ணம் நிரம்பியதும் டிக்டிக் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ பெட்ரோல் கசிகிறது அல்லது குழாயில் காற்று புகுகிறது.

கேட்டவர்:
நிற்கவே இல்லை! சரி, பேட்டரியைக் கழற்றிவிட்டு டாங்க் பக்கமிருந்தே தொடங்குகிறேன்.